இரண்டு மலை, ஒரு சூரியன்

சாலை முனையில் அந்தப் பெரிய பலகை ஏறிய அன்றைக்குத்தான் ஹிமாத்ரி என் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "மினதி தீதி, நாளையிலேர்ந்து எனக்குத் தனி கேரியர் வச்சிருங்க" என்றான்.

நான் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இறால் மஞ்சள் தடவிக் கிடந்தது.

"தனின்னா?"

"தனின்னா தனிதான். எனக்கு ஒண்ணு, மேடத்துக்கு ஒண்ணு."

"எந்த மேடத்துக்கு?"

"ஆர்ட்டிஸ்ட் மேடத்துக்கு. மூணாள் உயரத்துக்கு மூஞ்சி போட்டு வச்சிருக்கானே, நீங்க பாக்கலையா?"

பார்க்காமல் என்ன? எங்கள் ஹரிதேவ்பூரில் அந்தப் பலகையைப் பார்க்காமல் மீன் வாங்கக்கூடப் போக முடியாது. சாத்தி சங்கத்தின் துர்க்கா பூஜைப் பந்தலுக்கு இந்த வருடக் கலைஞர் ஜூதிகா மன்னா என்று கொட்டை எழுத்தில் போட்டு, அவள் கன்னத்தில் கை வைத்து வானத்தைப் பார்ப்பதுபோல ஒரு படம். நிஜத்தில் அவள் வானத்தைப் பார்ப்பது மழை வருமா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான்.

ஜூதிகா இவனுடைய பெண்டாட்டி. மாடியில் அவர்கள் இரண்டு பேர், கீழே பின்கட்டில் நான், அவர்களுக்குத் தீதி, அதாவது அக்கா. கீழே முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹிமாத்ரியின் டிராயிங் வகுப்பு நடக்கும். மற்ற நாளில் அவன் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். எனக்குத் தொழில் சோறு. ஆபீஸ் போகிறவர்களுக்கும் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட கிழவர்களுக்கும் மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கேரியரில் கொடுத்தனுப்புகிறேன். இந்தப் புருஷன் பெண்டாட்டி குடிவந்த நாளிலிருந்து என் கைச் சோறுதான். அடுக்குக் கேரியர் ஒன்று, அதில் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போகும். சண்டை போட்டுக்கொண்டாலும் ஒரே கேரியரில் கைவிட்டுத்தான் சண்டை போடுவார்கள்.

இரண்டு பேரும் ஆர்ட் காலேஜில் ஒரே வகுப்பு. ஒரே வகுப்பில் படித்துக் கல்யாணம் கட்டியவர்கள் எங்கள் பக்கத்தில் சாகும்வரைக்கும் ஒருவரையொருவர் டா, டி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவன் தங்க மெடல். அவள் எப்படியோ தேறியவள். ஏன் இவனைக் கட்டிக்கொண்டாய் என்று ஒருதரம் கேட்டேன்.

"வயித்தெரிச்சல் தீதி, வேற என்ன?" என்றாள். "நான் ஒரு கோட்டை அழிச்சு அழிச்சு பேப்பரே ஓட்டையாயிடும். இவன் வருவான், ஒரே இழுப்பு. மாடு நிக்கும், மனுஷன் நிப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். வேற எவளாவது அந்தக் கையக் கொண்டுபோறதுக்குள்ள நானே வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்."

அப்படிப் பொறாமையில் ஆரம்பித்த குடித்தனம். இப்போது பொறாமை பக்கம் மாறிப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பொறாமை என்றால் என்னவென்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். பக்கத்துச் சந்தில் ஷிபானி ஸ்கூட்டர் வாங்கிச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தபோது, அவள் பருப்பில் தினமும் உப்பு கூடிப்போக வேண்டும் என்று காளி கோயிலில் நின்று வேண்டிக்கொண்டவள் நான். அதனால் ஹிமாத்ரி "மேடம்" என்று சொன்ன சுருதியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"டேய், பொண்டாட்டி பேரு ஊருக்கெல்லாம் தெரியுது. சந்தோஷப்படுறத விட்டுட்டு..."

"சந்தோஷம்தான். ரொம்ப சந்தோஷம். கேரியர் மட்டும் தனியா வச்சிருங்க."

தனியாக வைத்தேன். ஒரே குழம்பை இரண்டு பாத்திரத்தில் ஊற்றும்போது எனக்கே கை கூசியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை துக்துகியின் அம்மா வந்தாள். துக்துகி சின்ன வயதிலிருந்து ஹிமாத்ரியிடம் வரைகிற பெண். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஆர்ட் காலேஜுக்குத்தான் போவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

"சார், நீங்கதான் சொல்லணும். அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

முன்னறைக்கும் என் சமையற்கட்டுக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். ஜூதிகா வேலைக்குக் கிளம்பியவள், என்னிடம் தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

"பி.காம் சேத்து விடுங்க" என்றான் ஹிமாத்ரி.

"அவ அழுவா சார்."

"இப்ப அழட்டும். பின்னாடி நீங்க அழுறதுக்கு அது பரவாயில்ல. எங்க வகுப்பு ஆளுங்களச் சொல்றேன் கேளுங்க. ஒருத்தன் கரியாஹாட்டுல கல்லூரிப் பசங்க முதுகுல பச்சை குத்துறான். ஒருத்தன் சினிமாவுக்கு செட்டு போடுறான், படம் முடிஞ்சதும் அவன் கண்ணு முன்னாடியே இடிச்சுத் தள்ளுவாங்க. ஒருத்தி சேலையில தாமரை எழுதுறா, கண்ணு போச்சு. துணிக்கடை பொம்மைக்கு மூஞ்சி பண்றவன் ஒருத்தன். பம்பாய்க்குப் போய் சோப்பு விளம்பரம் வரையிறவன் ஒருத்தன், அவன்தான் பெரிய ஆளு. இன்ஷூரன்ஸ் விக்கிறவன் ஒருத்தன், அவன்தான் நிம்மதியா இருக்கான்."

"நீங்க சார்?"

"நான் என்ன? உங்க பொண்ணுக்கு ரெண்டு மலை வரையச் சொல்லிக்குடுத்தேன்."

ஜூதிகா தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள். நானும் பாட்டிலோடு பின்னாலேயே போனேன். "எல்லாரையும் சொன்ன, என்னை விட்டுட்டியேடா?"

"உங்களைப் பத்தி நான் சொல்லணுமா மேடம்? அதான் முக்குல பலகை சொல்லுதே."

துக்துகியின் அம்மா என்னைப் பார்த்தாள், நான் பாட்டிலைப் பார்த்தேன். ஜூதிகாவுக்கு முகம் செத்துவிட்டது. "டீ போட்டுக் கூப்பிடுடா, திட்டுடா, இந்த மேடம் மட்டும் வேணாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். பாட்டிலை மறந்துவிட்டுப் போனாள்.

அந்த இரண்டு மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எந்தக் குழந்தை கையில் கலர் கொடுத்தாலும் அதுதான் வரும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஒரு ஓட்டு வீடு, சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. அதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்காத டிராயிங் மாஸ்டரிடம் எந்த அம்மாவும் பிள்ளையை விடமாட்டாள். உட்கார்ந்து வரையும் போட்டியில் பரிசு வேண்டுமே! ஹிமாத்ரியும் வந்த புதிதில் குழந்தைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய் வாத்தைப் பார்த்து வரையச் சொன்னான். அந்த மாதமே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு கரும்பலகையில் ஞாயிறு தவறாமல் மலைதான்.

ஆவணி மழை விட்டு விட்டு அடித்தது. சங்கத்தில் வேலை செய்பவர்களுக்கும் சாப்பாடு என்னுடையது என்பதால் தினமும் மத்தியானம் ரிக்‌ஷாவில் பாத்திரத்தோடு பந்தலுக்குப் போவேன். பூஜை வரைக்கும் என்ன கருப்பொருள் என்று வெளியே மூச்சு விடக்கூடாது. அடுத்த சங்கத்துக்காரன் காதுக்குப் போனால் போயிற்று. அதற்காகத் தார்ப்பாய் கட்டி மறைத்து வைத்திருந்தார்கள். சோற்றுக்காரிக்கு மட்டும் தார்ப்பாய் விலகும்.

உள்ளே போனால் மூங்கிலும் ஈரச் சாக்கும் பெயிண்டும் சேர்ந்த வாடை. மேதினிபூரிலிருந்து வந்த மூங்கில்காரர்கள் குரங்கு மாதிரி மேலே தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஜூதிகா கீழே நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தாள். உள்ளங்கையெல்லாம் கயிறு இழுத்துத் தோல் உரிந்திருந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றாள். இவளைப் பார்த்தா ஒருத்தன் பொறாமைப்படுகிறான் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம், ஷிபானியும் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டித்தானே கறுத்துப் போனாள், அதைப் பார்த்து என் பொறாமை என்ன குறைந்தா போயிற்று என்றும் தோன்றியது.

பந்தலுக்குப் போகும் சந்து முழுக்க நீளமாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதில் பெரிய பெரிய மலைகள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் முன்னறைக் கரும்பலகைப் படம்! அந்தப் படத்துக்குள்ளேயே ஜனங்கள் நடந்துபோக வேண்டும், கடைசியில் அந்த ஓட்டு வீட்டுக்குள் துர்க்கை உட்கார்ந்திருப்பாள். அதுதான் அவள் யோசனை.

சங்கத்துச் செயலாளர் புலக் பாபு இரும்புக்கடைக்காரர், ஜூதிகாவுக்கு அண்ணன் முறையில் புலக்தா. சுவரின் முன் நின்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஜூதிகா, கோச்சுக்காதம்மா. இது டார்ஜிலிங் மாதிரி இருக்கு."

"தெரியுது புலக்தா."

"நம்ம பசங்க மலை இப்படி இருக்காதே. இதுல வெயில் விழுது, நிழல் விழுது. எனக்கு ஸ்வெட்டர் போட்டுக்கலாம்னு தோணுது."

தப்பு யாருடையது என்று சொல்ல முடியாது. சுவரில் வரைந்தவர்கள் எல்லோரும் ஆர்ட் காலேஜில் படித்து முடித்த பசங்கள். குழந்தை மாதிரி வரையுங்கள் என்றால் குழந்தை மாதிரியே வரைந்து, கடைசியில் கை சும்மா இருக்காமல் ஒரு ஓரத்தில் நிழலடித்துவிடுவார்கள். ஜூதிகாவே தூரிகையை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய மலை பயந்து பயந்து எழுந்து நின்றது. வெள்ளையடித்து மறுபடி வரைந்தார்கள். மறுபடி டார்ஜிலிங்.

சாப்பிடும்போது நான் கேட்டேன். "ஹிமாத்ரிய ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? அவன் கை தூக்கத்துலயும் இதைப் போடுமே."

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "கேட்டா வருவான் தீதி. வந்து ஒரே இழுப்புல போட்டுடுவான். அப்புறம் இது யாரோடது? காலேஜ்ல அஞ்சு வருஷம் என் படத்தையெல்லாம் அவன் திருத்தினான். எல்லாரும் ஹிமாத்ரி கை பட்டிருக்கு, அதான் நல்லாருக்குன்னாங்க. இந்த ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டுமே."

"அதுக்காக அவன்கிட்ட சொல்லாமலே அவன் மலைய எடுத்துக்கிட்டியா?"

"அவன் மலையா? ஊர்ல எல்லாப் புள்ளையும் வரையிற மலை தீதி." சொல்லிவிட்டுக் கரண்டியை மறுபடி எடுத்தாள். "ஒரு ஞாயித்துக்கிழமை வகுப்புப் பசங்களையே கூட்டிட்டு வந்து வரைய வச்சிடலாம்னு இருக்கேன். அம்மாக்கள்கிட்ட புலக்தா பேசுவாரு."

புலக் பாபு நல்ல மனுஷன், ஆனால் வாயில் தாழ்ப்பாள் கிடையாது. வகுப்பு நடக்கும்போதே முன்னறைக்குள் நுழைந்து, அம்மாக்கள் எல்லோருக்கும் நடுவில், "ஹிமாத்ரி, அடுத்த ஞாயிறு உன் பசங்களை எங்களுக்குக் குடுத்துடு! எங்க கருப்பொருளே உன் மலைதானேப்பா! ரெண்டு மலை, ஒரு சூரியன்! உன் பொண்டாட்டி மூளையப் பாத்தியா?" என்று போட்டு உடைத்தார்.

அம்மாக்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். ஹிமாத்ரி சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகையில் பாதி போட்ட மலைக்கு முன்னால் நின்றான். அந்த நேரத்தில் அவன் முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது.

அன்று மத்தியானம் நல்ல மழை. மழை நாளென்று கிச்சடி வைத்து முட்டை பொரித்திருந்தேன். கேரியரை வாங்க வந்தவன் அங்கேயே மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். தட்டில் போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை.

"ஊரே கைகொட்டிச் சிரிக்கட்டும்னு என்னைப் பந்தல்ல கட்டி வைக்கிறா தீதி."

"உன்னை எங்கடா கட்டினா?"

"வேற யாரை? என் கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்." கையை விரித்து என் முன்னால் நீட்டினான். "போன மாசம், மேடத்தோட பலகையைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு, நானும் ஏதாவது வரையலாம்னு பேப்பரை எடுத்தேன். உங்க சமையக்கட்டை வரையலாம்னு ஆரம்பிச்சேன். அடுப்பைப் போட்டா மலை வருது. பானையைப் போட்டா அது பின்னாடி சூரியன் வருது. சத்தியமா தீதி. இத்தன வருஷம் அதையே போட்டுப் போட்டு என் கைக்கு இப்ப அது மட்டும்தான் வரும். தங்க மெடல் வாங்கின கை. இது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்திருக்கா."

கிச்சடி ஆறுகிறது என்றேன்.

"எனக்கு அவளைப் பாத்தா எரியுது தீதி. மூங்கில்காரன் அவளை மேடம்னு கூப்பிட்டா எரியுது. அவ கையில புண்ணப் பாத்தாகூட எரியுது, எனக்கு ஏன் அந்தப் புண்ணு இல்லன்னு. பூஜை முடிஞ்சதும் நான் கிளம்புறேன். மலைப்பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல கூப்பிடுறாங்க, வீடும் குடுக்குறாங்க. போயிடுறேன்."

"அவளை விட்டுட்டா?"

"அவளுக்குத்தான் ஊர் முழுக்க மூஞ்சி இருக்கே. நான் எதுக்கு?"

போகிற ஆள் சும்மா போனானா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே நாள், அதே காலை நேரம், குளத்தங்கரை மைதானத்தில் தன் வகுப்பின் ஆண்டு வரையும் போட்டியை அறிவித்துவிட்டான். மெடல் உண்டு, முத்திரை குத்திய சான்றிதழ் உண்டு, கேக்கும் சந்தேஷ் இனிப்பும் உள்ள டிபன் பொட்டலம் உண்டு. சொல்லுங்கள், எந்த அம்மா சான்றிதழை விட்டுவிட்டுச் சுவருக்குப் பிள்ளையை அனுப்புவாள்? ஒன்றுகூட சுவருக்குப் போகவில்லை.

டிபன் பொட்டலம் கட்டும் வேலை எனக்கு வந்ததால் நானும் மைதானத்தில் இருந்தேன். மழை விட்டு வெயில் முதுகைச் சுட்டது. குழந்தைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டார்கள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் அம்மாக்கள் கழுத்தை நீட்டி, "ஆத்துக்கு நீலம்! நீலம்டா! அய்யோ, பச்சையை எடுக்கிறான் பாரு!" என்று அலறிக்கொண்டிருந்தார்கள். ஹிமாத்ரி நடுவருக்கான பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு நடுவில் உலாத்தினான். ஜெயித்த முகம்.

அப்போதுதான் ஜூதிகா வந்தாள். பெயிண்ட் அப்பிய பழைய சல்வார், தலையில் துண்டு. இன்றைக்கு இங்கே ரத்தக்களரிதான் என்று நான் எழுந்து நின்றேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. மேஜையில் போய் முத்திரை குத்திய தாள் ஒன்று வாங்கினாள். ஒரு குழந்தையிடம் கலர் பெட்டியில் பாதியைக் கேட்டு வாங்கினாள். கடைசி வரிசையின் கடைசியில், அந்த ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள்.

அம்மாக்கள் நீலம் பச்சையை மறந்து அவளையே பார்த்தார்கள். பலகையில் மூணாள் உயரத்துக்கு நிற்கிறவள் இங்கே பிள்ளைகளோடு பிள்ளையாக மலை வரைந்துகொண்டிருக்கிறாள்.

ஹிமாத்ரி அவளைப் பார்க்காதவன்போல் வரிசை வரிசையாக வந்தான். ஒவ்வொரு பிள்ளை பின்னாலும் குனிந்து, கையைப் பிடித்து, "கீழேர்ந்து மேல இழு, நிறுத்தாதே" என்று திருத்திக்கொண்டே வந்தான். போட்டியில் நடுவர் திருத்தக்கூடாதுதான், ஆனால் பழக்கம் விடுமா? கடைசிக்கு வந்தான். ஜூதிகாவின் மலை பாதியில் தடுமாறி நின்றது. அவன் குனிந்தான். பழக்கத்தில் குனிந்துவிட்டான் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். அவள் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக மேலே கொண்டுபோய் இறக்கினான். மலை நின்றது.

பிறகுதான் யார் கை என்று உறைத்ததுபோல விடப் பார்த்தான். அவள் விடவில்லை.

"எனக்கு இது வரலடா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "காலேஜ்லயும் வரல, இப்பவும் வரல. அத்தனை பெரிய சுவத்த வச்சுக்கிட்டு முழிக்கிறேன். உன்னைக் கேட்டா எல்லாம் உன்னோடதா ஆயிடும்னு பயந்து கேக்கல. பொறாமைடா. அன்னிக்கும் பொறாமை, இன்னிக்கும் பொறாமை."

ஹிமாத்ரி கையை உருவிக்கொண்டு மேஜைக்குப் போய், "நேரம் முடிஞ்சது" என்றான்.

பரிசு வாசித்தார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் போனது. கடைசியில் அவனே ஒலிபெருக்கியை வாங்கி, "ஆறுதல் பரிசு. ஜூதிகா மன்னா" என்றான். மைதானமே சிரித்தது. அவள் எழுந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு, போய்க் கழுத்தை நீட்டி மெடல் வாங்கிக்கொண்டாள். டிபன் பொட்டலத்தையும் விடாமல் கேட்டு வாங்கினாள்.

அன்று சாயங்காலம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தனித்தனிக் கேரியர்தான் கழுவி வந்தது. சரி, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சோற்றோடு பந்தலுக்குப் போனால், தார்ப்பாய்க்கு உள்ளே ஒரே இரைச்சல். பள்ளிக்கூடச் சீருடையோடு பிள்ளைகள், கையெல்லாம் பெயிண்ட். நடுவில் ஏணிமேல் ஹிமாத்ரி. ஸ்கூலுக்கு லீவு சொல்லியிருக்கிறான். பெரிய தூரிகையைத் தரையிலிருந்து இழுத்துக்கொண்டே ஏணியில் ஏறுவான், உச்சியில் திருப்பி இறக்குவான். நிழலில்லை, வெயிலில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளின் மலை, ஆனால் அண்ணாந்து பார்க்க வேண்டிய மலை. ஆர்ட் காலேஜ் பசங்கள் கீழே நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். புலக் பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயிண்ட் நெடி என்றார்.

"மேடம், அந்த மஞ்சளைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?" என்று மேலிருந்து கேட்டான்.

"மேடமாம் மேடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜூதிகா டப்பாவைக் கொடுத்தாள். இன்னும் கோபம் தீரவில்லை அவனுக்கு. பூஜைக்குப் பிறகு கிளம்பும் பேச்சும் மாறவில்லை. அந்த ஹாஸ்டல் ஸ்கூலுக்குச் சரி என்று சொல்லிவிட்டதாக அன்றைக்கே என்னிடம் சொன்னான். ஆனால் சுவரை முழுக்க முடித்தான். முடித்துவிட்டு, போட்டித் தாளில் பிள்ளைகள் எழுதுவதுபோலவே கீழே வலது மூலையில் எழுதினான். பெயர் ஹிமாத்ரி மன்னா, வயது முப்பத்தேழு, பிரிவு பெரியவர்கள்.

பூஜை வந்தது. சஷ்டியன்று திறந்ததிலிருந்து சந்துக்குள் நுழைய முடியவில்லை. பலகையில் ஜூதிகா பெயர்தான், டி.வி.க்காரர்கள் பேட்டி எடுத்ததும் அவளைத்தான். ஆனால் ஜனங்கள்? ஓட்டு வீட்டுக்குள் துர்க்கையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பவும் சுவருக்கு வந்துவிடுகிறார்கள். "அய்யோ, நானும் இதையேதான் வரைவேன்" என்று கத்துகிறார்கள். தலை நரைத்த ஆபீசர்கள் மலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூலையில் எழுதியதைக் குனிந்து விரலால் தடவிப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சப்தமிக்குள் அந்த மூலையில் பெயிண்டே தேய்ந்துவிட்டது.

துக்துகியின் அம்மா கூட்டத்தில் ஹிமாத்ரியைப் பிடித்துக்கொண்டாள். "சார், அடுத்த வருஷம் அப்ப ஆர்ட் காலேஜ்லயே சேத்துடவா?"

"சேருங்க" என்றான். "கூடவே வயிறெரியிறதுக்கு வகுப்புல ஒரு ஆளையும் பாத்துக்கச் சொல்லுங்க. இல்லன்னா கை தூங்கிடும்."

அஷ்டமி மத்தியானம் பந்தலின் பின்பக்கம் ஜூதிகாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் வந்தார். டாலிகஞ்ச் பக்கத்துச் சங்கமாம். அடுத்த வருட பூஜைக்கு ஆள் தேடுகிறார்களாம். ஜூதிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள், தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்தச் சுவரு போட்டவர் யாரு? அவரைப் பாக்கணும். முழுப் பந்தலும் அவர்கிட்டயே குடுக்கலாம்னு கமிட்டியில பேச்சு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஷிபானியின் ஸ்கூட்டரை முதன்முதலாகப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அவரா?" என்றாள் ஜூதிகா. "அவர் ஊரை விட்டே போறார். மலைப்பக்கம் வேலை. இந்த மாதிரி வேலையெல்லாம் இனிமே எடுக்க மாட்டேன்னுட்டார்."

ஜிப்பாக்காரர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். ஜூதிகா குனிந்து சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"என்னடி இப்படிப் பண்ணிட்ட?" என்றேன்.

"எல்லாரும் சுவத்தையே பாக்குறாங்க தீதி" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "சுவத்தையேதான் பாக்குறாங்க."

இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க நான் என்ன கல்லா? வீட்டுக்கு வந்தேன். ஹிமாத்ரி மாடிப்படியில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வெள்ளை ஜிப்பாக்காரர் வந்தது, கேட்டது, இவள் சொன்னது, ஒன்று விடாமல் சொன்னேன். பெட்டியை எட்டி உதைப்பான், மேலே போய் அவள் துணியைத் தெருவில் வீசுவான் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டேன்.

அவன் கயிற்றைக் கையில் வைத்தபடியே, "திருப்பிச் சொல்லுங்க" என்றான்.

திருப்பிச் சொன்னேன்.

"எனக்கு வேலை வந்துடக்கூடாதுன்னு பொய் சொன்னாளா?"

"ஆமாண்டா."

"வயிறெரிஞ்சா சொன்னா?"

"சோறு இறங்கல அவளுக்கு."

ஹிமாத்ரி சிரிக்க ஆரம்பித்தான். படியில் கையால் அடித்து அடித்துச் சிரித்தான். காலேஜை விட்டு வந்த பிறகு யாரும் அவனைப் பார்த்து வயிறெரிந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அவ எம்மேல பொறாமைப்படுறா தீதி!" என்று, பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்கிற மாதிரி என்னிடமே சொன்னான். கயிற்றை அவிழ்த்தான். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பந்தல் பக்கம் ஓடினான்.

அன்று முழுக்க மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் உலை வைக்கும்போது மாடியில் ஆரம்பித்தது.

"எவ்வளவு தைரியம்டி உனக்கு? என் வேலையைக் கெடுப்பியா?"

"கெடுப்பேன்டா! அந்த ஜிப்பாக்காரனுக்குப் போன் பண்ணிட்டியாமே? எனக்கு எதிரா பந்தல் போடுவியா?"

"போடுவேன்டி! அதே முக்குல, உன் பலகைக்கு எதிர்லயே என் பலகை!"

"போடு, பாக்கலாம்! ஒரு மலையைத் தவிர வேற என்னடா வரும் உனக்கு?"

"அந்த ஒண்ணுகூட உனக்கு வராதுடி!"

ஏதோ பாத்திரம் உருண்டது. கொஞ்ச நேரத்தில் ஹிமாத்ரி கீழே வந்தான். கன்னத்தில் மஞ்சள் பெயிண்ட், கையில் அவனுடைய தனிக் கேரியர். கழுவித் துடைத்து என் மேடையில் வைத்தான்.

"இது வேணாம் தீதி" என்றான். "ஒரே கேரியர்ல அனுப்புங்க. கண்ணு முன்னாடி இருந்தாத்தான் ஒழுங்கா சண்டை போட முடியுது."